வளர்ச்சியின் கணக்கை யார் எழுதுவது?

2012 வரை சிங்கப்பூர் அமைச்சர்களின் சம்பளத்தில் ‘ஜிடிபி போனஸ்’ என்றே ஓர் அங்கம் இருந்தது. பொருளியல் எவ்வளவு வளர்ந்ததோ அதற்கேற்ப அந்தத் தொகை ஏறும், இறங்கும். 2011 பொதுத் தேர்தலில் மக்கள் தங்கள் அதிருப்தியைக் காட்டிய பிறகு, சம்பளத்தை மறுஆய்வு செய்ய ஒரு குழு அமைந்தது. 2012 ஜனவரியில் அந்தக் குழு ஜிடிபி போனசை எடுத்துவிட்டு, நான்கு அளவுகோல்கள் கொண்ட வேறொரு போனசைப் பரிந்துரைத்தது. விலைவாசி உயர்வைக் கழித்தபின் நடுத்தட்டுச் சிங்கப்பூரரின் வருமானம் எவ்வளவு கூடியது, கீழ்த்தட்டு 20 விழுக்காட்டினரின் வருமானம் எவ்வளவு கூடியது, வேலையின்மை எவ்வளவு, அப்புறம் பழைய பொருளியல் வளர்ச்சி. நான்குக்கும் சம எடை.

அன்று இதைச் சம்பள விவகாரமாகத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது வேறு. வளர்ச்சி என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஆட்சியின் தரத்தை அளக்க முடியாது என்பதை அரசாங்கமே எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணக்கு மாறக்கூடியது, மாற்றவும் செய்தோம். ஆனால் அந்த நான்கு அளவுகோல்களிலும் வெயில் இல்லை, கடல் மட்டம் இல்லை, செமாக்காவ் தீவில் நிரம்பிவரும் குப்பைச் சாம்பல் இல்லை. அடுத்த திருத்தம் அங்கேதான் வர வேண்டும். அதை யார் எழுதுவது என்பதுதான் கேள்வி.

ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு நாட்டில் ஒரு காலகட்டத்தில் உருவான பொருள்கள், சேவைகளின் சந்தை மதிப்பு. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கப் பொருளியல் எவ்வளவு சரிந்தது என்று அறியப் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்தது அது. அந்தக் கணக்கைத் தயாரித்த சைமன் குஸ்னெட்ஸ், 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, தேசிய வருமானத்தை வைத்து மக்கள் நலனை எடைபோட முடியாது என்று எச்சரித்துவிட்டார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.

வீட்டில் மிக்ஸியின் கப்ளர் தேய்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெறுமானமுள்ள ரப்பர்த் துண்டு அது. தெரிந்தவர் ஒருவர் வந்து மாற்றிக் கொடுத்தால் பொருளியல் கணக்கில் அநேகமாக ஒன்றும் ஏறாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேக்காவில் புதிது வாங்கினால் ஏறும். பழையதை லாரி அள்ளிக்கொண்டு போனால் அதற்குக் கொடுக்கும் கூலியும் ஏறும். எரியாலையில் அதை எரிக்கும் செலவும் ஏறும். 2021 ஜூலையில் மின்கழிவுக்கென்று ஒரு கட்டாயத் திட்டம் வந்தது; தயாரிப்பாளர்களே செலவை ஏற்க வேண்டும் என்ற நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதன் பட்டியலில் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி, கைப்பேசி எல்லாம் இருந்தன. நம் வீடுகளில் அடிக்கடி உயிரை விடும் மிக்ஸியும் ரைஸ் குக்கரும் இல்லை. 2014-இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற தொண்டூழியர் முயற்சி, அக்கம்பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, கொண்டுவரும் பொருளைச் சொந்தக்காரர் கையாலேயே பழுதுபார்க்கச் சொல்லித்தருகிறது. அங்கே பிழைக்கும் ஒவ்வொரு மிக்ஸியும் தேசிய வருமானத்தில் ஒரு சிறு இழப்பு!

சரி, அப்படியானால் வளர்ச்சியே வேண்டாமா? வசதியான நாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம். 1965-இல் இங்கே தலைக்கு வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர். 1968-இல் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தபோது, பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு அது வெறும் புள்ளிவிவரம் இல்லை; மாதச் சம்பளமும் குடியிருந்த குவார்ட்டர்சும் சேர்ந்து போகிற விஷயம். இன்று தலைக்கு 80,000 அமெரிக்க டாலருக்கு மேல். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஈசூனிலும் உட்லண்ட்சிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய சொந்த வீட்டில் இருக்கிறார்கள். இதைச் செய்ததும் வளர்ச்சிதான். இன்னொன்றும் உண்டு. அரசாங்கத்தின் ஆண்டுச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நாட்டின் கையிருப்பை உலகெங்கும் முதலீடு செய்து கிடைக்கும் வருவாயிலிருந்து வருகிறது. பாலிகிளினிக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகையிலும் அந்தப் பணம் இருக்கிறது. ஆகவே நாம் வளராமல் இருந்தாலும், வேறெங்கோ வளர்ச்சி நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது நம் வரவுசெலவுத் திட்டத்திலேயே இருக்கும் எதிர்பார்ப்பு. வளர்ச்சியை நிறுத்து என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பதை நான் பார்த்ததில்லை.

பிரிட்டிஷ் பொருளியலாளர் கேட் ராவொர்த் 2012-இல் இதை ஒரு படமாக வரைந்தார். உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்துளையில் விழுந்தால் வறுமை. சோறு, தண்ணீர், பள்ளிக்கூடம் ஏதோ ஒன்று இல்லை. வெளி விளிம்பைத் தாண்டினால் பூமி தாங்காது. வடையின் மாவுப் பகுதிக்குள் நிற்பதுதான் இலக்கு. ஆம்ஸ்டர்டாம் நகரம் 2020-இல் இதைத் தன் திட்டமிடலுக்கு எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர் நடுத்துளையிலிருந்து ஒரே தலைமுறையில் ஏறிவந்த நாடு. வந்த வேகத்தில் வெளி விளிம்பையும் தாண்டிவிட்டது.

கையைக் கூட்டி வந்த வளர்ச்சி

பொருளியல் இரண்டு வழியில் வளரும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டலாம். அல்லது இருக்கிற ஆள் ஒவ்வொருவரும் செய்வதன் மதிப்பைக் கூட்டலாம். அகல உழுவதை விட ஆழ உழு என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். 2000களில் சிங்கப்பூர் அகலமாக உழுதது. வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை வேகமாக ஏறியது, எம்ஆர்டி ரயில் பிதுங்கியது, வீட்டு விலை ஏறியது. 2010-இல் அப்போதைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் தலைமையிலான பொருளியல் உத்திக் குழு, இனி உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு உயர வேண்டும் என்று பத்தாண்டு இலக்கு வைத்தது. ஏற்றுமதியை நம்பிய துறைகள் ஓரளவு தேறின. கட்டுமானம், உணவு, சில்லறை வணிகம் போன்றவை திணறின.

2013-இல் வந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030-க்குள் 6.9 மில்லியன் பேர் வரை இருக்கலாம் என்று கணித்துத் திட்டமிடச் சொன்னது. ஹொங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்த்தார்கள். அதை வெளிநாட்டவர் எதிர்ப்பு என்று மட்டும் பார்த்தவர்கள் உண்டு. அந்த வாடையும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருந்தது, ‘இவ்வளவு வளர்ச்சி யாருக்காக?’ என்ற கேள்வி. மேலைநாடுகளில் வளர்ச்சியைக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் காட்டையும் பனிப்பாறையையும் பார்த்துத் தொடங்குகிறார்கள். இங்கே அந்தக் கேள்வி காலை நேர ரயிலிலிருந்து வந்தது. 2024-இல் மக்கள்தொகை 6 மில்லியனைத் தாண்டியது.

அந்தக் கூட்டிய கைகளில் பாதிக் கதை நம் ஊர்க்காரர்களுடையது. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து கம்பி கட்டுபவர்கள், கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவர்கள். பருவநிலை மாற்றத்தைப் பற்றிய கருத்தரங்குகளில் அவர்களை யாரும் அழைப்பதில்லை. ஆனால் அதை முதலில் உடம்பில் வாங்குபவர்கள் அவர்களே. தலைக்கவசம், முழுக்கைச் சட்டை, கையுறை, பூட்ஸ், மேலே நிழலில்லாத தளம். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. வெப்பத்தோடு காற்றின் ஈரத்தையும் வெயிலின் உக்கிரத்தையும் சேர்த்து அளக்கும் மீட்டரைக் கொண்டு வேலையிடத்தில் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். அது 32 பாகையைத் தொட்டால், கடினமான உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். புதிதாக வந்தவர்களைக் குறைந்தது 7 நாள் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

நல்ல விதிகள். கடைப்பிடிப்பதில்தான் சிக்கல். கான்கிரீட் லாரி வந்து நின்றுவிட்டால் அது காத்திருக்காது. ஊற்றித் தீர வேண்டும். குத்தகையை எடுத்தவர் நாள் கணக்கில் கையெழுத்திட்டிருக்கிறார், தாமதமானால் அபராதம். அந்த ஒப்பந்தத்தில் 33 பாகை என்று ஒரு வரி இருக்காது. பொருளியல் கணக்கில் அந்த 15 நிமிடம் உற்பத்தி இழப்பு. ஊழியர் மயங்கி விழுந்து கிளினிக்குக்குப் போனால், மருத்துவர் கட்டணம் வளர்ச்சி. இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சரிசெய்ய எந்தத் தத்துவமும் வேண்டாம். கட்டுமான ஒப்பந்தத்திலேயே வெப்ப ஓய்வுக்கான நாள்களைச் சேர்த்து, அதற்கான விலையைக் கட்டடம் கட்டச் சொல்பவர் கொடுத்தால் போதும். மழை நாளுக்குச் சலுகை கொடுக்கத் தெரிந்த தொழில் இது.

கணக்குக்கு உள்ளே, வெளியே

சிங்கப்பூர் 2050-இல் கரியமில வெளியீட்டை நிகர சுழியத்துக்குக் கொண்டுவர உறுதி கூறியிருக்கிறது. 2019-இல் தென்கிழக்காசியாவிலேயே முதலாவதாகக் கரிம வரி போட்டது. டன்னுக்கு 5 வெள்ளி. 2024-இல் அது 25 வெள்ளியானது, 2026-க்கும் 2027-க்கும் 45 வெள்ளி, 2030-க்குள் 50 முதல் 80 வெள்ளி. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் ஆலைகள்தான் நேரடியாக இந்த வரியைக் கட்டுகின்றன. எண்ணிக்கையில் ஏறக்குறைய ஐம்பதுதான். ஆனால் நாட்டின் வெளியீட்டில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. தொழில்துறையும் மின் நிலையங்களும் சேர்ந்தால் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து 2000-இல் திறந்த ஜூரோங் தீவு அதன் நடுநாயகம். உலகச் சந்தையில் கடும் போட்டியில் இருக்கும் ஆலைகளுக்கு வரியில் ஒரு பகுதிச் சலுகை உண்டு. இல்லையென்றால் வரி குறைந்த நாட்டுக்கு ஆலை போய்விடும், புகை அங்கே எழும் என்பது வாதம். அது பொய்யான வாதம் இல்லை. ஆனால் சலுகை எவ்வளவு, யாருக்கு என்பதைத் திறந்து வைத்தால்தான் வரி தன் வேலையைச் செய்கிறதா என்று பொதுமக்கள் சொல்ல முடியும்.

கணக்குக்கு வெளியே நிற்பது இதைவிடப் பெரிது. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே பெரிய துறைமுகம் நம்முடையது. 2024-இல் ஏறக்குறைய 55 மில்லியன் டன் விற்றோம். ஒரு டன் கப்பல் எண்ணெய் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு வரும். பெருக்கிப் பாருங்கள்; சிங்கப்பூரின் ஓராண்டு வெளியீடு 60 மில்லியன் டன்னுக்குச் சற்றுக் குறைவு, இங்கே நிரப்பிக்கொண்டு போகும் எண்ணெயின் புகை அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஐநா விதிப்படி அனைத்துலகக் கப்பல் எரிபொருள் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. விதியை நாம் மீறவில்லை. வருமானம் மட்டும் நம் கணக்கில், புகை யார் கணக்கிலும் இல்லை.

தண்ணீரில் இந்த நாடு வேறு மாதிரி நடந்துகொண்டது. ஒரு சொட்டு கூடுதலாக வேண்டுமென்றால், அதைக் கடல்நீரிலிருந்தோ, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் புதுநீர் ஆலையிலிருந்தோ எடுக்க என்ன செலவாகுமோ அதை ஒட்டித்தான் குழாய்த் தண்ணீருக்கு விலை. கூடவே நீர்ச் சேமிப்பு வரி. 2003-இல் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 165 லிட்டர் பயன்படுத்தினார். இப்போது 140-ஐ ஒட்டி நிற்கிறது. இயற்கைக்கு விலை வைக்க முடியாது என்பவர்களுக்கு இதுவே பதில். தர்மன் இணைத்தலைவராக இருந்த உலக நீர்ப் பொருளியல் ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையும் தண்ணீரை இலவசமாக நினைக்கும் பொருளியலைத்தான் சாடியது. விலை வைத்தால் ஏழைக்குச் சுமையாகாதா என்றால், ஆகும். அதனால்தான் வீவக வீடுகளுக்கு யூ-சேவ் என்ற மின்சார, தண்ணீர்க் கட்டணக் கழிவு கிடைக்கிறது.

உணவில் அது முடியவில்லை. 2030-க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019-இல் அறிவித்தார்கள். மின்சார விலை ஏறியது, பண்ணைகள் சில மூடின, உள்ளூர்க் காய்கறி 3 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. 2025 நவம்பரில் அந்த இலக்கு கைவிடப்பட்டது; நார்ச்சத்து உணவுக்கும் புரத உணவுக்கும் தனித்தனியாக 2035-க்கான புதிய இலக்குகள் வந்தன. மலேசியாவிலிருந்து காலையில் வந்திறங்கும் கீரைக்கட்டோடு, விளக்கு வெளிச்சத்தில் அடுக்கில் வளர்த்த கீரை விலையில் மோத முடியாது. எல்லை மூடினால் அந்தக் கீரைக்கு என்ன மதிப்பு என்பதைச் சந்தை விலை சொல்லாது.

நீலத் தொட்டிக்கு முன்னால்

இனிச் சமூகச் செயல்பாடு. இந்தச் சொல்லைக் கேட்டதும் இங்கே பலருக்கு மனத்தில் வருவது புளோக்கின் கீழே நிற்கும் நீல மறுசுழற்சித் தொட்டி. அதைத் திறந்து பார்த்தால் அட்டைப்பெட்டி இருக்கும். அதன்மேல் பாதி குடித்த பபிள் டீ, அதிலிருந்து வழிந்து ஊறிய நாளிதழ், ஒரு பழைய தலையணை, எவரோ கட்டிப் போட்ட சாப்பாட்டுப் பொட்டலம். தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாதது. வீட்டுக் குப்பையில் மறுசுழற்சியாகும் பங்கு 2018-இல் 22 விழுக்காடு, 2023-இல் 12. இலக்கோ 2030-க்குள் 30. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சுவரொட்டி, பள்ளிப் போட்டி, விழிப்புணர்வு வாரம் எல்லாம் நடத்தியபின் வந்த பலன் இது. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று திட்டிவிட்டுப் போகலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சமையலறையிலேயே குப்பைக் குழாய் இருக்கும் வீடு, கீழே இறங்கிப் போக வேண்டிய மறுசுழற்சித் தொட்டி, அதில் போட்டால் என்ன ஆகிறது என்று தெரியாத நிலை. இதில் 12 விழுக்காடு வந்ததே ஆச்சரியம்.

ஒரு காலத்தில் கரங்குனி அங்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு தாழ்வாரம் தாழ்வாரமாக வருவார். பழைய நாளிதழைக் கட்டி எடைபோட்டு, உள்ளங்கையில் காசு வைத்துவிட்டுப் போவார். அப்போது யாரும் அதைப் பசுமை என்று சொல்லவில்லை; ஆனால் காகிதம் நனையாமல், கலக்காமல் போய்ச் சேர்ந்தது. காசு கைமாறியதால் வந்த ஒழுங்கு. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட வைப்புத்தொகைத் திட்டம் அதே தர்க்கத்துக்குத் திரும்புகிறது: பாட்டிலுக்கும் டின்னுக்கும் 10 காசு, திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு என்று வந்ததும் அந்த வழிதான். முஸ்தபா பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு அது புதிதில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் குறை சொல்லவில்லை. ஆனால் சமூகம் என்பதை ‘நல்ல பழக்கமுள்ள வீடுகளின் கூட்டம்’ என்று சுருக்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. 2024-இல் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கிடைத்தது, அடுத்த ஆண்டு மேலும் 100. மின்சாரம் குறைவாக இழுக்கும் சாதனம் வாங்கலாம். வாங்குவதன் மூலம் சிக்கனம்! பூமியைக் காப்பதில் நமக்குத் தரப்படும் பாத்திரம் பெரும்பாலும் வாடிக்கையாளரின் பாத்திரம்தான்.

வேறு பாத்திரத்தில் மக்கள் இறங்கிய இடங்கள் உண்டு. புலாவ் உபினின் செக் ஜாவா கரையை மண் போட்டு மூடும் திட்டம் 2001-இல் தயாராக இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் வற்றிய கடலில் முழங்கால் சேற்றில் நடந்து அங்கே வாழும் உயிர்களைப் பதிவு செய்தார்கள். பொதுமக்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். அந்த டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2021-இல் டோவர் வனம்: வீடு கட்டக் குறித்த இடம். கருத்துகள் குவிந்தபின், கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று முடிவானது. முழு வெற்றி இல்லை. வீட்டுக்குக் காத்திருக்கும் இளம் தம்பதிகளும் சமூகம்தானே. 2024 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவு நன்கொடைச் சட்டமும் இந்த வரிசையில் வரும். விற்காத காய்கறியையும் மிஞ்சிய சோற்றையும் கொடுத்து யாருக்காவது வயிற்றுக்கோளாறு வந்தால் வழக்கு வருமோ என்ற பயத்தில் கடைகள் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தன. முறைப்படி நடந்துகொண்ட நன்கொடையாளருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் பல ஆண்டுகளாகக் காய்கறி பொறுக்கிச் சேர்த்த தொண்டூழியர்கள் இல்லாமல் அந்தப் பேச்சு அவ்வளவு தூரம் வந்திருக்குமா, தெரியவில்லை.

மறந்துபோன கூட்டுறவு

சமூகத்திடம் வெறும் ஆர்வம் மட்டுமல்ல, பணப்பெட்டியும் இருந்த காலம் ஒன்று இருந்தது. 1969 நவம்பரில் தேவன் நாயர் வழிநடத்திய தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கூடி, சம்பளச் சண்டையைத் தாண்டித் தொழிற்சங்கங்கள் கூட்டுறவுகள் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தது. 1970-இல் ‘இன்கம்’ காப்புறுதி வந்தது. தொழிலாளி கட்டக்கூடிய சந்தாவில் ஆயுள் காப்புறுதி. ‘கம்ஃபர்ட்’ டாக்சிக் கூட்டுறவும் வந்தது. 1973 ஜூலையில் தோ பாயோவில் ‘வெல்கம்’ பேரங்காடி திறந்தது. எண்ணெய் நெருக்கடியில் விலை எகிறியபோது, பதுக்கல்காரர்களின் கையை முறுக்கியது அந்தக் கடையின் அரிசி விலை. 1983-இல் இன்னொரு கூட்டுறவோடு சேர்ந்து அது ஃபேர்பிரைஸ் ஆனது. இலாபம் வேண்டாம் என்று நடத்திய கடை இல்லை அது. இலாபம் யாருக்குப் போக வேண்டும் என்பதை மாற்றி எழுதிய கடை.

அப்புறம் காற்று திரும்பியது. கம்ஃபர்ட் 1990களில் பங்குச்சந்தைக்குப் போனது. இன்கம் 2022-இல் கூட்டுறவு உருவை விட்டு நிறுவனமாக மாறியது. 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ் அதன் குறைந்தது 51 விழுக்காட்டுப் பங்கை ஏறக்குறைய 2.2 பில்லியன் வெள்ளிக்கு வாங்க முன்வந்தது. முன்னாள் நிர்வாகிகளும் பொதுமக்களும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். கூட்டுறவாக இருந்தபோது சேர்ந்த உபரிப் பணம் யாருடையது என்று கேட்டார்கள். கைமாறிய சில ஆண்டுகளில் 1.85 பில்லியன் வெள்ளியைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரும் திட்டம் இருந்தது தெரியவந்தது. அக்டோபர் 14 அன்று அரசாங்கம் அந்த விற்பனையை அப்படியே அனுமதிக்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தது. சட்டத்தையும் அவசரமாகத் திருத்தியது. டிசம்பரில் அலியான்ஸ் விலகிக்கொண்டது.

வணிகச் செய்தியாக வந்துபோன இதை, பசுமைப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. எனக்கோ அந்த ஆண்டின் முக்கியமான சுற்றுச்சூழல் செய்தியே இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது, கொஞ்சம் மிகைதான். பங்குச்சந்தை நிறுவனம் ஒவ்வொரு காலாண்டும் கூடுதலாக விற்றாக வேண்டும். வளரவில்லை என்றால் பங்கு விழும். கூட்டுறவுக்கு அந்தச் சவுக்கு இல்லை. உறுப்பினர் தேவை நிறைவேறினால் போதும், வளராமலும் நிற்கலாம். வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு வாழ முடியுமா என்ற கேள்விக்கு, ‘மனத்தை மாற்று’ என்பதைவிட ‘உரிமையாளரை மாற்று’ என்பது கைக்கெட்டும் விடை.

இப்போது கூரைகளைப் பாருங்கள். 2014 முதல் சோலார்நோவா திட்டத்தில் வீவக புளோக்குகளின் மேல் சூரியத் தகடுகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. தனியார் நிறுவனம் தன் செலவில் தகடு பொருத்தி, உரிமையையும் பராமரிப்பையும் வைத்துக்கொள்கிறது. பகலில் மின்தூக்கிக்கும் தாழ்வார விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் அந்த மின்சாரத்தை, குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றம் விலைகொடுத்து வாங்குகிறது. மிஞ்சியது மின்கட்டமைப்புக்குப் போகிறது. நன்றாக நடக்கும் ஏற்பாடு, குறையில்லை. கீழே வசிப்பவர் அதில் எங்கே இருக்கிறார்? மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுபவராக மட்டும். ஜெர்மனியில் நூற்றுக்கணக்கான எரிசக்திக் கூட்டுறவுகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தகடு வாங்கி, ஆண்டிறுதியில் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்.

இங்கே அதற்குத் தடை விலைதான். ஆயிரக்கணக்கான புளோக்குகளைச் சேர்த்து ஒரே ஏலத்தில் விடுவதால் விலை குறைகிறது. புதிதாகப் பிறந்த ஒரு சின்னக் கூட்டுறவு அந்த ஏலத்தில் நிற்க முடியாது. குடியிருப்பாளர்களுக்குக் கணக்குவழக்கு நடத்தத் தெரியுமா என்ற சந்தேகமும் வரும். தைப்பூசத்தில் இரவு பகலாகத் தண்ணீர்ப் பந்தல் நடத்துபவர்களையும், அன்னதானத்துக்கு அரிசி மூட்டையிலிருந்து கேஸ் வரை கணக்கு வைப்பவர்களையும் பார்த்தவர்கள் அந்தச் சந்தேகத்தை எழுப்ப மாட்டார்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிவைத்த சமூகத் தோட்டங்கள் இன்று 2,000-க்கு மேல். அங்கே கறிவேப்பிலையை யார், எப்போது, எத்தனை கொத்து ஒடிக்கலாம் என்பதற்கே சில இடங்களில் குழு கூடி விதி எழுதுகிறது. அடுத்த ஏலத்தில் ஒரு நகரத்தின் சில பத்து புளோக்குகளைக் குடியிருப்பாளர் கூட்டுறவுக்கென்று ஒதுக்கி, பெரிய ஏலத்தில் படிந்த அதே விலைக்கு மின்சாரத்தை நகர மன்றம் வாங்கிக்கொள்ளலாம். தொடக்க முதலுக்கு, பற்றுச்சீட்டாகக் கொடுக்கும் 300 வெள்ளியைச் சாதனம் வாங்கத்தான் செலவழிக்க வேண்டும் என்றில்லாமல், விரும்புகிறவர்கள் அந்தக் கூட்டுறவில் பங்காகவும் போடலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.